பட்டை உள்ள பக்கம்

ஷ்டுட்கார்ட்,
14 ஜனவரி 2007

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஹம்சினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம். தங்கள் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

கையெழுத்தைப் பார்த்ததும் உறையை ஓரமாக வைத்துவிடாதீர்கள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் குருபிரசாத்தும் நானும் பிரிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை உண்டா என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஒரு சாமான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்கில் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே ஒரு மாடல் ரயில் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டி ஷண்டிங் எஞ்சின், தண்டவாளம் கிளை பிரியும் பாயிண்ட்ஸ் மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. எங்கும் நிற்கவில்லை. கடைக்காரர் வேண்டுமென்றே தண்டவாளத்தின்மேல் ஒரு தாளை விரித்தார். அந்தத் தாளின் மேலும் ஏறிப் போய்விட்டது! எனக்கு உடனே உங்கள் சாப்பாட்டு மேஜைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் வேலை பார்த்த கிடர்பூர் கப்பல் டாக்கின் ரயில் யார்டைப் பலகைமேல் அப்படியே கட்டி அந்த மேஜையை மறைத்துவிட்டு, எங்களையெல்லாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்தீர்களே. ஒவ்வொரு பாயிண்ட்ஸிலும் சண்டித்தனம் பண்ணி நிற்கும் உங்கள் குட்டி எஞ்சின் கலியனும் ஞாபகத்துக்கு வந்தான்.

விஷயம் சின்னதுதான். எஞ்சின்களுக்குள் நான் அன்று பொருத்தின டிகோடர் சில்லுக்குக் கரண்ட், கட்டளை இரண்டும் தண்டவாளம் வழியாகத்தான் வருகின்றன. பாயிண்ட்ஸின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. அங்கே கரண்ட் கிடையாது. கொல்கத்தாத் தூசியும் ஈரமும் வேறு. சக்கரத்துக்கு ஒரு கணம் கரண்ட் கிடைக்காவிட்டால் சில்லு மயங்கி விழுந்துவிடும். அந்த ஒரு கணத்துக்கு வேண்டிய கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்க ஒரு கெபாசிட்டர் போதும். இத்துடன் சில அனுப்பியிருக்கிறேன்.

முதலில் பெரிய எஞ்சினில் வைத்துப் பழகுங்கள். டிகோடரின் நீல வயர் பிளஸ். மைனஸ் எந்த இடம் என்று உடன் வரும் படத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருக்கிறேன். கெபாசிட்டரின் உடம்பில் ஒரு பக்கம் பட்டை போட்டிருக்கும். பட்டை உள்ள பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தங்கள்
ஹம்சினி

•

பாலிகஞ்ச்,
11 பிப்ரவரி 2007

சிரஞ்சீவி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

யாரம்மா அந்த மதிப்பிற்குரிய ஐயா? எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் குடியிருக்கவில்லை. தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உறைக்குள் ஏதோ கிலுகிலுவென்று சத்தம் கேட்டதால் உன் கடிதம் பிழைத்தது.

உரிமை கிரிமை என்று பெரிய பேச்செல்லாம் எழுதியிருக்கிறாய். ஆறு வருஷம் இந்த வீட்டில் "மாமா, மாமா" என்று கூப்பிட்டு என் காது பழகிவிட்டது. கோர்ட்டுக்காரர்கள் என் காதுக்கு உத்தரவு எதுவும் போடவில்லை. உனக்கு வாய் வரும்போது கூப்பிடு, அவசரமில்லை. ஐயா மட்டும் வேண்டாம்.

நீ கெபாசிட்டர் என்று எழுதியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் நம் ஃபேன் கண்டென்சரின் பேரன்! அதை முன்பே சொல்லக் கூடாதோ? மாடி வீட்டு போஸ் பாபு கரண்ட் போனால் ஓட்ட இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார் இல்லையா, அதை எஞ்சின் வயிற்றுக்குள் வைக்கச் சொல்கிறாய் என்று புரிந்துகொண்டேன். சரிதானே?

கண்புரை ஆபரேஷன் முடிந்து கண் இப்போது பளிச்சென்று தெரிகிறது. சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு துரையின் வயிற்றைத் திறந்தேன். துரையை மறந்திருக்க மாட்டாய். தொண்ணூற்று மூன்றில் ஜெர்மன் கப்பல் இன்ஜினியர் ஒருவர் டாக்கில் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பெரிய எஞ்சின். "பட்டை உள்ள பக்கம் மைனஸ்" என்று ஸ்லோகம் மாதிரி சொல்லிக்கொண்டே வைத்தேன். நானும் நெற்றியில் பட்டை போடுகிறவன்தான், என்னையும் மைனஸில் சேர்த்துவிட்டாயே என்று ஒரு சின்ன வருத்தம்.

ஓடினான் அம்மா, ஓடினான்! எல்லாப் பாயிண்ட்ஸையும் தாண்டி, நடுவில் ஒரு தடவைகூட விக்காமல். உன் கடைக்காரரைப் பார்த்து நானும் ஒரு தாளை விரித்தேன். அதன்மேலும் போனான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றும் தெரியவில்லை.

உன் மாமி உன் பெயரை எடுப்பதில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் உறையைப் பார்த்ததும், "அந்த ஸ்டாம்பைக் கிழிக்காம எடுங்கோ, நன்னா இருக்கு" என்றாள். இப்போது அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டவில்லை.

கலியனுக்கு இந்தக் கண்டென்சர் உள்ளே போக மாட்டேன் என்கிறது. வயிறு சின்னது. அவனுக்கு ஏதாவது வழி உண்டா? டாக்கில் ஷண்டிங் எஞ்சின் ஓட்டிய அசல் கலியன் ஆறடி உயரம். அவன் பெயரை இந்தத் துக்கடா எஞ்சினுக்கு வைத்ததற்குத்தான் இப்படிப் பழி வாங்குகிறான்.

அன்புடன்,
வைத்தீஸ்வரன்

•

ஷ்டுட்கார்ட்,
22 ஏப்ரல் 2007

வணக்கம்.

மேலே பெயர் எதுவும் இல்லாததற்கு மன்னியுங்கள். "ஐயா" வேண்டாம் என்றுவிட்டீர்கள். பழைய வார்த்தையை எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. குருவோடு உறவு போனபோது அந்த வார்த்தையும் சேர்ந்து போய்விட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் இல்லாமல் மாமனார் எங்கிருந்து வருவார்?

ஆனாலும் உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துச் சிரித்து, அழுது, என் ஸ்டாப்பையே தவறவிட்டேன். இந்த ஊரில் என்னோடு தமிழில் விளையாட்டாகப் பேச ஆள் கிடையாது. போன குளிர்காலம் மிக மோசம். வேலைக்குப் போவேன், வருவேன், யாரோடும் பேசுவதில்லை. அந்தக் கடிதத்துக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கலியனுக்கு வழி உண்டு. மஞ்சள் நிறத்தில் அரைப் பட்டாணி அளவில் இத்துடன் வருபவையும் கெபாசிட்டர்கள்தான், வேறு வகை. நாலைச் சேர்த்து வைத்தால் கூரைக்கு அடியில் அடங்கிவிடும். மற்றதெல்லாம் முன் எழுதியபடியே செய்யுங்கள். என்னோடு வேலை பார்க்கும் சாய் கிருஷ்ணாதான் இதற்காகக் கடை கடையாக அலைந்தார். மேஜைமேல் டாக் கட்டியிருக்கும் மனிதரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார்.

டாலிகஞ்சில் அம்மா சுகம். நீங்கள் இருவரும் ஒரே ஊரில், ஒரே மெட்ரோவில் போய்வந்துகொண்டு, பார்த்துக்கொள்ளாமல் இருப்பதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

நன்றியுடன்,
ஹம்சினி

•

பாலிகஞ்ச்,
4 நவம்பர் 2007

சிரஞ்சீவி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

இத்தனை மாதம் எழுதாததற்கு நான்தான் காரணம். கலியனைத் துர்கா பூஜை முடிந்து ஓட்டிக் காட்டிவிட்டு உனக்கு ஜம்பமாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். ஜம்பத்துக்குக் கிடைத்ததைக் கேள்.

விஜயதசமி அன்றைக்குக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் இனிப்போடு நம் வீட்டுக்கு வருவார்களே. வழக்கம்போல மேஜையைச் சுற்றி நின்றார்கள். வழக்கமாகக் கலியன் நிற்பான், மாடி வீட்டுத் தாரா பௌதி, தள்ளச் சொல்லி வங்காளியில் "தக்கா தின், தாதா!" என்று கூவுவாள், நான் விரலால் தள்ளிவிடுவேன். இந்தத் தடவை நான் முன்கூட்டியே எழுந்து நின்று, "இனிமேல் தள்ள வேண்டியதில்லை" என்று பிரசங்கமே செய்தேன். அன்று மத்தியானம்தான் வேலையை முடித்திருந்தேன். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. அத்தனை அவசரம்.

கரண்ட் கொடுத்தேன். பட் என்று ஒரு சத்தம். கலியன் தலையிலிருந்து புகை! தாரா பௌதி இதையும் நான் ஏற்பாடு செய்ததாக நினைத்து, "ஆஹா, புகை விடுகிற எஞ்சின்!" என்று கைதட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். உன் மாமி மட்டும் இட்லிப்பானை மூடியோடு ஓடிவந்து கலியன்மேல் கவிழ்த்தாள். அதற்குள் கூரை உருகி, சில்லும் கருகிவிட்டது.

எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. நீ சொன்னபடி, ஒன்றுக்கு நாலு தடவை பார்த்து, பட்டை உள்ள பக்கத்தை மைனஸில்தான் வைத்தேன். கை நடுங்கிவிட்டதோ என்னவோ. நீ அலைந்து வாங்கி அனுப்பியதை வீணாக்கிவிட்டேன்.

கூட்டம் போன பிறகு கலியனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் சேர்த்து வைக்கிறதெல்லாம் இப்படித்தான் ஆகிறது என்று தோன்றியது. ஜாதகம் பார்த்து, நல்ல பெண், நல்ல பையன் என்று உன்னையும் குருவையும் சேர்த்து வைத்ததும் நான்தானே? உன் கல்யாணம் கண்ணில் வந்தது. உன் அம்மா ஒரே பெண். மாலை மாற்றும்போது உன்னைத் தூக்கத் தாய்மாமன் இல்லை. பிள்ளை வீட்டுக்காரன் நான், என் நண்பன் பட்டாபியைக் கடன் கொடுத்தேன். அவன் உன்னைத் தூக்கிவிட்டு ஒரு வாரம் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். எத்தனை சந்தோஷமாக இருந்தோம். உன் வாழ்க்கையில் சில வருஷங்களை நான் கருக்கிவிட்டேன், அம்மா. இதை உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு நல்ல செய்தி. மூடியை எடுத்துப் பார்த்துவிட்டு உன் மாமி, "ஹம்சினி இருந்தா இப்படி ஆகவிட்டிருப்பாளா?" என்றாள். பெயரைச் சொன்னாள். அதற்காகக் கலியன் எரிந்ததில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை.

அன்புடன்,
வைத்தீஸ்வரன்

•

ஷ்டுட்கார்ட்,
18 நவம்பர் 2007

வணக்கம்.

உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கை நடுங்கவில்லை. நீங்கள் நூற்றுக்கு நூறு சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். தப்பு செய்தது நான். படித்துப் பட்டம் வாங்கிய முட்டாள் நான்.

துரைக்கு அனுப்பியது அலுமினிய வகை. அதில் பட்டை உள்ள பக்கம் மைனஸ். கலியனுக்கு அனுப்பிய மஞ்சள் சாமான் டாண்டலம் வகை. அதில் பட்டை உள்ள பக்கம்தான் பிளஸ். தினமும் கையாளுகிற எங்களுக்கு இது பழக்கம். அதனால்தான் எழுதத் தோன்றாமல் "முன் எழுதியபடியே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். நீங்கள் என் வார்த்தையை அப்படியே நம்பினீர்கள். உங்கள் வீட்டில் நெருப்புப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாமியின் இட்லிப்பானை மூடிக்கு என் நமஸ்காரம்.

இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழியையும் இதோடு சேர்த்துக் கீழே இறக்கி வையுங்கள். குருவும் நல்லவர், நானும் கெட்டவள் இல்லை. அவருக்கு வேலை முடிந்து வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் சுகம். எனக்கு யாராவது பேசாமல் இருந்தால் தண்டனை மாதிரி இருக்கும். அவர் பாசமாகத்தான் மௌனமாக இருந்தார், நான் பாசமாகத்தான் தொணதொணத்தேன். ஒரே பட்டை, ஒருவருக்கு மைனஸ், ஒருவருக்கு பிளஸ். வெளியிலிருந்து பார்த்த உங்களுக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்கே ஆறு வருஷம் தெரியவில்லையே.

நீங்கள் எதையும் கருக்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் எனக்கு நீங்கள் கிடைத்தீர்கள். அப்பா முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஆபீஸிலிருந்து வந்தால் "இன்னைக்கு என்ன ரிப்பேர் பண்ணினே?" என்று கேட்க ஓர் ஆள் வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களால்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

புது டிகோடரும் நானே வயர் வைத்து முடித்த கெபாசிட்டரும் இத்துடன் வருகின்றன. செருகினால் போதும்.

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுதவே பயமாக இருக்கிறது. சாய் கிருஷ்ணாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். பேசிக்கொண்டே இருப்பார், என்னைவிட மோசம். அவர் வீட்டில் எல்லாம் தெரியும், சம்மதம். வருகிற வைகாசியில், டாலிகஞ்சில். இதைப் படித்த பிறகும் நீங்கள் எனக்கு எழுதுவீர்களா?

ஹம்சினி

•

பாலிகஞ்ச்,
10 பிப்ரவரி 2008

சிரஞ்சீவி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் செய்தியைப் படித்ததும் முதலில் சுவாமி விளக்கை ஏற்றினேன். மனசார நன்றாக இரு, அம்மா. உன் கடிதத்தால் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

கலியனுக்குப் புதுக் கூரை போட்டு, நீ அனுப்பியதைச் செருகிவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் ஓட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. லைட், ஃபேன் எல்லாம் நின்றுவிட்டன. இருட்டில் கலியனின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டு, மெதுவாகக் கடைசிப் பாயிண்ட்ஸைத் தாண்டிப் போய் நின்றது. உன் மாமியும் பக்கத்தில் நின்று பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்தபோது தோன்றியதை எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் எனக்கும் இருந்த லைன் போன வருஷத்துக்கு முந்தைய வருஷமே கட் ஆகிவிட்டது. கையில் சேர்ந்திருந்த பிரியத்தில் இத்தனை தூரம் ஓடிவிட்டோம். அதுவே பெரிய விஷயம். இனி நீ இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண். அவர்கள் எத்தனை நல்லவர்களாக இருந்தாலும், பழைய மாமனாரிடமிருந்து அவ்வப்போது கடிதம் வந்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். நான் யாரென்று அவர்களிடம் என்ன சொல்வாய்? குருவையும் யோசிக்க வேண்டும். உன் மாமியும் விஷயம் கேட்டதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

ஆகவே இதுவே என் கடைசிக் கடிதமாக இருக்கட்டும். நீ எனக்குச் செய்ததற்கெல்லாம் நன்றி. கலியன் ஓடுகிற வரைக்கும் இந்த வீட்டில் உன் பெயர் இருக்கும்.

ஆசீர்வாதங்களுடன்,
வைத்தீஸ்வரன்

•

ஷ்டுட்கார்ட்,
24 பிப்ரவரி 2008

அன்புள்ள மாமா,

எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? பேனா நிற்கவில்லை.

உங்களுக்கு ரயில் தெரியும், கண்டென்சர் இன்னும் தெரியவில்லை. அது கடைசித் துளி வரை ஓடி நின்றுபோவதற்காக வைப்பது இல்லை. கரண்ட் இல்லாத இடத்தைத் தாண்டி, கரண்ட் உள்ள தண்டவாளத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வைப்பது. சேர்ந்ததும் அது தானே மறுபடியும் நிரம்பிக்கொள்ளும். நாம் இப்போதுதான் பாயிண்ட்ஸைத் தாண்டியிருக்கிறோம். இங்கே வந்து நிறுத்துகிறேன் என்கிறீர்களே!

நீங்கள் யாரென்று நான் என்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். நாள் முழுக்க அதையே யோசித்தேன். இத்தனை நாள் அந்த வார்த்தையை எழுத முடியாமல் தவித்தேனே, நான் ஒரு வகையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வீட்டில் இருந்தால் மாமா என்றால் மாமனார். பெண் வீட்டில் இருந்தால் மாமா என்றால் தாய்மாமன். ஒரே பட்டை.

எனக்குத் தாய்மாமன் கிடையாது. போன தடவை கடன் வாங்கினோம். இந்தத் தடவை எனக்குச் சொந்தமாக ஒருவர் வேண்டும். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கேட்டதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "எனக்கு ஒரு அண்ணா இருந்தா அவரை மாதிரிதான் இருந்திருப்பார். கேளுடி" என்றாள். சாய் கிருஷ்ணாவிடமும் அவர் வீட்டிலும் சொல்லிவிட்டேன். "மேஜைமேல் டாக் கட்டினவர்தானே? கட்டாயம் வரணும்" என்கிறார்கள்.

மாலை மாற்றும்போது நீங்கள் என்னைத் தூக்க வேண்டாம். எடையும் ஏறியிருக்கிறேன். என் பக்கத்தில் நின்றால் போதும். குருவிடம் நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குக் கஷ்டம் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்.

மாமி என்ன சொல்கிறார்கள்?

உங்கள்
ஹம்சினி

•

பாலிகஞ்ச்,
16 மார்ச் 2008

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

சௌபாக்கியவதி போட்டிருக்கிறேன், கவனித்தாயா? இத்தனை நாள் அதை எழுதக் கை வராமல் சிரஞ்சீவியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தபோது உன் மாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முழுவதையும் சத்தமாகப் படித்தேன். அவள் தலை நிமிரவில்லை. முடித்துவிட்டு, "என்ன சொல்றே?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது? மாமியார்னாலும் மாமி, அம்மான் ஆத்துக்காரின்னாலும் மாமி" என்றாள். "அவளுக்கு நான் அன்னிக்கும் மாமி, இன்னிக்கும் மாமி. நடுவுல நீங்கதான் வயரைப் பிடிச்சுண்டு பிளஸ்ஸா மைனஸான்னு நிக்கறேள்."

அப்படியானால் இத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். வெண்டைக்காயை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிட மாட்டாளேன்னு இருந்துது" என்றாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெண்டைக்காய்க்கு யாரும் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே புனேவில் குருவுக்குப் போன் பண்ணினேன். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். நம் பையன் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தான். நீ சொன்னது ஞாபகம் வந்து நானும் காத்திருந்தேன். "போய்ட்டு வாங்கோப்பா" என்றான். "ஹம்சினியை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்கோ." சொல்லிவிட்டேன்.

போன வாரம் மெட்ரோ பிடித்து டாலிகஞ்ச் போனோம். உன் அம்மா கதவைத் திறந்ததும் விஜயலக்ஷ்மி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அண்ணா அப்படித்தானே கூப்பிட வேண்டும்? உன் அம்மா அழுதாள், உன் மாமி அழுதாள், நான் காப்பி கேட்டேன். இரண்டு பேரும் இப்போது தினமும் போனில் புடவைக்கரையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அம்மான் சீர்ப் புடவையைக் கரியாஹாட்டில் தானே எடுப்பேன் என்று உன் மாமி பிடிவாதமாக இருக்கிறாள். கலியனையும் சீராகக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது. நீங்கள் இருவரும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதை நீ சொல்லக் கூடாது, என் இடுப்பு சொல்ல வேண்டும். பட்டாபியிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய தைலப் பாட்டிலை அனுப்பி வைத்திருக்கிறான்.

நீ கேட்டாயே அம்மா, என்னைக் கேட்டாயே. இந்த வயசில் எனக்கு ஒரு தங்கையும் ஒரு மருமாளும் புதிதாகக் கிடைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது?

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
வைத்தீஸ்வரன்

பின்குறிப்பு: கல்யாணத்துக்கு நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன். அன்றைக்கு அது பிளஸ்.